துறையை ஐப்பசியில் போய்ப் பாருங்கள்



குடும்பத்தோடு போய்வர ஒரு பாய்மரப் படகு வாங்க வேண்டும் என்ற ஆசை, தமிழ்நாட்டில் இன்று எட்டாத ஆசை இல்லை. சென்னையில் பள்ளிப் பிள்ளைகள் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறார்கள். அங்கே பழகி வளர்ந்த நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்று, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நம் சிவகங்கைச் சீமையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள், அங்கே வரிசை வரிசையாகப் படகுகள் கட்டிக் கிடக்கும் துறைகளைப் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்த மனசில், நம் கடற்கரையிலும் இப்படி ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

அப்படி எண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது படகின் விலையை. முதலில் கேட்க வேண்டியது வேறு. படகை எங்கே கட்டிவைப்பது? தொழுவம் இல்லாமல் மாடு பிடிக்கிறவர் நம் ஊர்ப்பக்கம் யாரும் கிடையாது. படகுக்கும் அதே கணக்குத்தான். கடலில் போகிற நேரத்தைவிடத் துறையில் கிடக்கிற நேரம்தான் அதற்கு அதிகம். இடம் சரியில்லை என்றால், நல்ல படகும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. ஆனால் இயற்கையாகவே காற்றுக்கும் அலைக்கும் மறைவான துறைகள் மிகக் குறைவு. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1639-இல் ஆங்கிலேயர்கள் அங்கே இடம் வாங்கிய பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். 1875-இல் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். கிழக்குப் பார்த்த வாசல் வழியாக அலையும் மணலும் உள்ளே வந்து தொல்லை கொடுத்தன. 1904-இல் துறைமுகத் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்த வாசலை அடைத்து வடகிழக்கு மூலையில் புதிய வாசல் திறக்கும் வேலையை நடத்தினார். அவரே 1911-இல் அங்கே ஒரு பாய்ப்படகுச் சங்கத்தையும் தொடங்கினார். அதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கிய காலமும் பாய்ப்படகுச் சங்கம் பிறந்த காலமும் ஒட்டி வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடங்கிய தண்ணீர் இருந்தால்தான் சின்னப் படகுக்கு வாழ்வு.

கேரளத்தில் இயற்கையே உதவுகிறது. கொச்சியில் கடலிலிருந்து உள்ளே தள்ளி, காயல் நடுவே இருக்கிறது போல்காட்டித் தீவு. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2010-இல் அங்கே ஒரு படகுத்துறையைத் திறந்தது. உல்லாசப் படகுகளுக்கென்றே நம் நாட்டில் அமைந்த முதல் துறை அது. படகு நிற்கிற இடத்துக்கே குடிதண்ணீரும் மின்சாரமும் வரும்படி அமைத்தார்கள். தூரதேசத்துப் பயணிகளும் அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள்.

சரி, நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். நம் சிங்கம்புணரியிலிருந்து கிளம்பி, காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. அது பாக் விரிகுடாக் கடல். ஆழம் குறைந்தது. கரையோரம் சேறும் கடற்புல்லும் நிறைந்தது. பாய்மரப் படகு காற்றில் கவிழாமல் இருக்க, அதன் அடியில் கனமான அடிக்கட்டை கீழே நீண்டு நிற்கும். குடும்பத்தோடு தங்கிப் போகிற அளவுள்ள படகு என்றால், அந்தக் கட்டைக்கே ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும். வற்றும் நேரத்தில் அவ்வளவு தண்ணீர் நிற்கிற இடம் கரையோரம் எளிதில் கிடைக்காது. நினைத்த இடத்தில் நங்கூரத்தை இறக்கவும் கூடாது. அந்தக் கடற்புல்தான் கடற்பசுவுக்குச் சாப்பாடு. 2022-இல் பாக் விரிகுடாவில் கடற்பசுக்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஒரு காப்பகத்தையே அறிவித்திருக்கிறது. நங்கூரம் உழுத இடத்தில் புல் மறுபடி முளைக்க வெகுகாலம் பிடிக்கும்.

இன்னும் தெற்கே பாம்பனுக்குப் போனால், துறை தேடுகிற வித்தையையே அங்கே கற்றுக்கொள்ளலாம். ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருப்பதை வடகடல் என்பார்கள், தெற்கே இருப்பதைத் தென்கடல் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்து வடகடல் கொந்தளிக்கும்போது, படகுகளைத் தெற்கே குந்துகால் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். தெற்கிலிருந்து காற்று வலுக்கும் மாதங்களில் வடகடல் மறைவாகிவிடும். ஒரே படகுக்கு இரண்டு வீடு. எந்தத் துறையும் எல்லா மாதத்துக்கும் ஏற்றதல்ல என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிற அறிவு இது. பாய்மரப் படகு வைத்திருப்பவருக்கு அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. பாம்பன் கால்வாயின் குறுக்கே ரயில் பாலம், சாலைப் பாலம் இரண்டும் நிற்கின்றன. 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும். ஆனால் சாலைப் பாலம் உயராது. உங்கள் பாய்மரம் அதன் அடியில் நுழையுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வைத்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வாடை ஓய்ந்த மாதங்களில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அப்போது போய்ப் பார்த்தால் எல்லாத் துறையும் நல்ல துறையாகத்தான் தெரியும். ஐப்பசியில், காற்றும் மழையும் அடிக்கிற நாளில், கரையில் நின்று பாருங்கள். அலை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது? கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா? எந்த மூலையில் தண்ணீர் அசையாமல் இருக்கிறது? புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்ற வழி இருக்கிறதா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, கடலோரத்தில் படகுகளும் உள்ளே தென்னந்தோப்புகளும் ஒரே இரவில் போயின. கரையேற்றும் வசதி இல்லாத துறையை நான் துறை என்றே ஏற்க மாட்டேன். புயல் இல்லாத வருஷத்திலும், அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டிச் சாயம் பூச, படகை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது கயிறு. கயிறு திரிக்கும் சிங்கம்புணரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நார்க்கட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ராட்டையைப் பார்த்தபடியே ஒருவர் பின்னால் பின்னால் நடக்க, விரலுக்கிடையில் நார் கயிறாகத் திரிந்து நீளும். இன்று பெரும்பாலும் இயந்திரம் வந்துவிட்டது. தென்னங்கயிறு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது, மிதக்கும், இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். படகைக் கட்டுகிற கயிற்றுக்கு வேண்டிய முதல் குணம் அந்த நீண்டு கொடுப்பதுதான். இப்போது அந்த வேலையை நைலான் கயிறு செய்கிறது. கயிறு முழு நீளத்தில் அறுவதில்லை. கல்லிலோ இரும்பிலோ உரசுகிற அந்த ஒரு சாண் இடத்தில்தான் அறும். அங்கே பழைய துணியையோ ரப்பர் குழாயையோ சுற்றிவைத்து, வாரத்துக்கு ஒரு முறை கையால் தடவிப் பார்க்க ஆள் வேண்டும். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் குடியிருக்கிற நமக்கு, அந்த ஆள்தான் துறையின் உயிர்.

இத்தனையும் கைகூடாத குடும்பத்துக்கும் வழி உண்டு. பிள்ளைகள் பழகுகிற ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. பெரியவர்கள் ஓட்டும் லேசர் படகு 4.2 மீட்டர் நீளம், 60 கிலோவுக்குள் எடை. இவற்றுக்குத் துறையே வேண்டாம். வண்டியில் ஏற்றி வந்து, நம் வீட்டு முற்றத்திலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ கவிழ்த்து வைக்கலாம். முதல் படகு இப்படி ஒன்றாக இருப்பதே நல்லது என்பேன். கடலைப் பழகிய பிறகு பெரிய படகைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கரையில் மீன்பிடித் துறைமுகங்கள் கட்டியிருக்கிறோம், இன்னும் கட்டுகிறோம். அவை மீனவர்களுக்கு உரியவை. பொழுதுபோக்குப் படகு அங்கே ஒரு வள்ளத்தின் இடத்தைக்கூடப் பறிக்கக் கூடாது. ஆனால் புதிதாகத் திட்டமிடும்போதே, ஒரு மூலையில் பத்துப் பாய்ப்படகுகளுக்கு இடமும், படகை ஏற்றி இறக்க ஒரு சாய்தளமும் ஒதுக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் வாடகையையும் அந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமே கொடுக்கலாம். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் அறிந்தவர்கள் அவர்கள். மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களிலும் அவர்களுக்கு ஒரு வருமானம் வரும். உள்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கடல் பழக ஒரு வாசல் திறக்கும். கடல் தொழிலை அறிந்தவரும் கடலைப் பார்க்க வந்தவரும் ஒரே துறையில் பழகினால், கரைக்கும் உள்நாட்டுக்கும் இருக்கிற தூரம் குறையும். இதை நம் ஊராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.