இரும்பால் ஆகும் காரியத்துக்கு இரிடியம் ஏன்?

(கருங்குழியில் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதுராந்தகம் ஏரிப் பக்கத்தில் நெல் பயிரிடும் உங்களுக்கு யூரியா மூட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. நைட்ரஜன் காற்றிலேயே இருக்கிறது. ஹைட்ரஜனுக்குத்தான் அலைகிறோம். மணலி உரத் தொழிற்சாலை 2019 முதல் அதை இயற்கை வாயுவிலிருந்து எடுக்கிறது. வாயு எண்ணூரில் கப்பலில் வந்து இறங்குகிறது. எங்கோ யுத்தம் மூண்டால் விலை எகிறுகிறது, 2022ல் பார்த்தோம்.

தண்ணீரில் மின்சாரம் செலுத்தினாலும் ஹைட்ரஜன் பிரியும். வெயிலும் காற்றும் தரும் மின்சாரமானால் புகையும் இல்லை. ஆனால் தண்ணீர் லேசில் பிரியாது, வினையூக்கி வேண்டும். தரகர் போலக் காரியத்தை முடித்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த காரியத்துக்குப் போகிற பொருள் அது. (நம் ஜி.எஸ்.டி. ரோட்டு மனைத் தரகர்களை நினைக்க வேண்டாம். இது கமிஷன் கேட்பதில்லை.)

இன்று பேர்போன ஒருவகை இயந்திரத்தில் இந்த வேலையைப் பிளாட்டினமும் இரிடியமும் செய்கின்றன. அதன் உள்ளே அமிலம். நிக்கலும் இரும்பும் கரைந்துவிடும். உலகம் முழுவதிலும் இரிடியம் வருஷத்துக்கு ஏறக்குறைய 7, 8 டன்தான் கிடைக்கிறது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். அதுவும் பிளாட்டினம் தோண்டும்போது கூட வருவது. நினைத்தபடி பெருக்க முடியாது.

அப்படியானால் ஏழை நாட்டுக்கு வழியே இல்லையா? சரித்திரத்தைப் பாருங்கள். 1909ல் ஜெர்மனியில் ஹாபர் அம்மோனியா செய்து காட்டியபோது வினையூக்கி ஆஸ்மியம், மிக அரிய உலோகம். பி.ஏ.எஸ்.எப். கம்பெனியில் மிட்டாஷ் என்பவரும் உதவியாளர்களும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார்கள். ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று நன்றாக வேலை செய்தது. காரணம், அதில் கலந்திருந்த அழுக்கு! சுத்தமான இரும்பு தோற்ற இடத்தில் அழுக்கு இரும்பு ஜெயித்தது. அலுமினாவும் பொட்டாஷும் அளவாகச் சேர்த்தார்கள். 1913ல் ஆலை ஓடியது. (மறு வருஷமே யுத்தம், அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று.) இன்றும் அம்மோனியா ஆலைகளில் பெரும்பாலும் இரும்புதான்.

நம் நாட்டிலேயே 1960களில் பக்ரா மின்சாரத்தைக் கொண்டு நங்கல் உர ஆலையில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். பின்னாளில் எரியெண்ணெய்க்குப் போனார்கள். காரக் கரைசலில் வேலை நடத்தினால் நிக்கல் தாங்கும், பிளாட்டினம் தேவையில்லை. நிக்கலும் இறக்குமதிதான், ஆனால் உலகில் லட்சக்கணக்கான டன் கிடைக்கிறது. பழைய காரமுறை இயந்திரங்களின் குறை, வெயிலோடும் காற்றோடும் ஏறி இறங்கும் மின்சாரத்துக்குச் சட்டென்று ஈடுகொடுக்க மாட்டா. ஆகவே நிக்கல்-இரும்புக் கலவையைக் காரத் தன்மையுள்ள மெல்லிய சவ்வோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இப்படிப்பட்ட மலிவு உலோகங்களில் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் ஓடினால் கட்டுரை எழுதலாம். ஆலையிலோ வருஷக்கணக்கில் ஓட வேண்டும். அந்த நீண்ட சோதனைக்குப் பணம் எங்கே? 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் உற்பத்தியாளர்களுக்கு ஊக்கத்தொகை 17,490 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டு தொகைகளையும் சொல்லிக் கணக்குக் கேளுங்கள்.