வாய்க்குள் ஒளித்த நூல்



ஆசை எப்படித் துரோகமாகிறது என்பதைப் பேச வந்திருக்கிறேன். காஞ்சியில் நின்று இதைப் பேச இவ்வூர்ப் பெயரிலேயே ஒரு படம் இருக்கிறது. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. பிரகாஷ்ராஜ் நடித்த வேங்கடம் ஒரு பட்டு நெசவாளி. மகளைப் பட்டுச்சேலை உடுத்தித்தான் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே வாக்குக் கொடுக்கிறான். கூலி போதவில்லை. முதலாளியின் தறியிலிருந்து பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து வீட்டில் இரகசியமாக நெய்கிறான்.

அதே வேங்கடம்தான் கூலிக்காகப் போராட்டத்துக்கும் தலைமை ஏற்கிறான். தறி நின்றதும் நூல் வரத்தும் நின்றுபோகிறது. மகள் கல்யாணம் நெருங்குகிறது. தான் தொடங்கிய வேலைநிறுத்தத்தைத் தானே முறிக்கிறான். பிடிபட்டுச் சிறை போகிறான். கடைசியில் மகளின் உடலை மூடக்கூட அந்த அரைச்சேலை எட்டவில்லை.

"பேராசைப்பட்டான், அழிந்தான்" என்று இதற்கு நீதி சொல்வோர் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. "ஆசைப்படாதே" என்பது நமக்குச் சாதி இட்ட கட்டளை. அதை நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

வேங்கடத்தின் ஆசை நியாயமானது. ஆனால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் மகள் இருந்தாள். கூலி உயர்வு என்று எல்லாரும் சேர்ந்து கேட்டதும் அந்தச் சேலையைத்தான். அவன் தன் சேலையை மட்டும் போராட்டத்துக்கு வெளியே வைத்தான். அங்கேதான் தன்னையும் தோழர்களையும் ஒருசேரக் கைவிட்டான்.

படத்துக்கு வெளியிலும் இதே கதைதான். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்கி, ஈடாகப் பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய வீடுகள் இங்கே உண்டு. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. கொத்தடிமை முறை 1976 சட்டத்தில் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அக்குழந்தைகளில் பலர் தலித்துகள். தகப்பனைத் துரோகி என்பது சுலபம். அவனுடைய தேவையை அறிந்தே முன்பணம் நீட்டியவனை யாரும் அப்படி அழைப்பதில்லை.

இந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்ப வேண்டும். ஒரு தேர்தல் சீட்டு, ஒரு வாரியப் பதவி, ஒரு விருது. இவற்றை விரும்புவது நம் உரிமை. ஆனால் கூட்டத்தில் எழுந்து, "எனக்கு இது வேண்டும், இதனால் நமக்கு என்ன கிடைக்கும்" என்று சொல்ல நா எழாவிட்டால், நூல் வாய்க்குள் போய்விட்டது என்று பொருள். வாயில் நூல் இருப்பவனால் முழக்கம் போட முடியாது.

ஆசைப்படுங்கள், தோழர்களே. அதைச் சபையில் சொல்லி ஆசைப்படுங்கள்.