ஒரு துளி உமிழ்நீர் போதுமா?



மார்பகப் புற்றுநோயை உமிழ்நீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்களைக் கொண்டு கண்டுபிடித்துவிட முடியுமா? இன்றைய நிகழ்ச்சியின் கேள்வி இதுதான்.

ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். வயது 48. குளிக்கும்போது மார்பில் சிறிய கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. மெமோகிராம் எடுக்கத் தயக்கம். வலிக்குமே என்ற பயம், வெட்கம் வேறு. பதிலுக்கு ஒரு முழு உடல் பரிசோதனைக்குப் போகிறார். அதில் புற்றுநோய்க் குறியீட்டுக்கான இரத்தப் பரிசோதனையும் அடங்கும். முடிவு, இயல்பு நிலை. "ஒன்றுமில்லையாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அந்தக் கட்டியை மறந்துவிடுகிறார். அந்த நிம்மதியை நம்பலாமா?

முதலில் அந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது என்று பார்ப்போம். புற்றுநோய் அணுக்கள் சில புரதங்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் பயன்படுத்தப்படும் அடையாளப் புரதத்தின் பெயர் சிஏ 15-3. நோய் உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவிய நிலையில் நால்வரில் மூவருக்கு இதன் அளவு கூடியிருக்கும். ஆனால் முதல் கட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் கூடுகிறது. எஞ்சிய ஒன்பது பேருக்கு நோய் இருந்தும் முடிவு 'இயல்பு' என்றே வரும்!

மற்றொரு சிக்கலும் உண்டு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், மார்பில் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி உள்ளவர்களுக்கும்கூட இந்தப் புரதம் கூடலாம். இதனால்தான் மருத்துவர்கள் இதை நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதில்லை. முற்றிய நோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் மருந்து வேலை செய்கிறதா என்று கவனிக்கவே பயன்படுத்துகிறார்கள்.

சரி, உமிழ்நீருக்கு வருவோம். உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சுற்றி நுண்ணிய இரத்த நாளங்கள் ஏராளம். இரத்தத்தில் உள்ள சில பொருட்கள் அவற்றின் வழியே உமிழ்நீருக்கு வந்து சேர்கின்றன. ஊசி வேண்டாம், வலி இல்லை, செலவும் குறைவு. ஆய்வாளர்களின் ஆர்வத்திற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் பல் மருத்துவத் துறை ஆய்வாளரான சார்லஸ் ஸ்ட்ரெக்ஃபஸும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒரு முக்கியத் தகவலை வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் ஹெர்2 என்ற புரதம் காணப்படுகிறது என்பதே அது. ஹெர்2 அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் இது மிகுதியாக இருக்கும். பிறகு 2008இல் அதே ஆய்வாளர், ஆரோக்கியமானவர், சாதாரணக் கட்டி உள்ளவர், புற்றுநோய் உள்ளவர் ஆகிய மூவரையும் வேறுபடுத்திக் காட்டக்கூடிய 49 புரதங்களை உமிழ்நீரில் அடையாளம் கண்டதாக அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் 30 பேர் மட்டுமே!

அதன் பிறகும் ஆய்வுகள் தொடர்கின்றன. அப்படியிருந்தும் மெமோகிராமுக்கு மாற்றாக ஓர் உமிழ்நீர்ப் பரிசோதனை இன்னும் வரவில்லை. ஏன்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பெண்களில் 5 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனையும் கையில் இருக்கிறது. அது நோயுள்ள ஐவரில் நான்கைந்து பேரைக் கண்டுபிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் நோயே இல்லாத 995 பேரில் ஏறக்குறைய 100 பேரையும் அது நோயாளி என்று சொல்லிவிடும். அந்த நூறு குடும்பங்களின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? நூற்றுக்குத் தொண்ணூறு என்பது பள்ளித் தேர்வில் பெருமைக்குரிய மதிப்பெண். இந்தத் தேர்வில் அது போதாது.

போதாக்குறைக்கு உமிழ்நீரின் தன்மை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சாப்பிட்ட உணவும் ஈறு நோயும் அதை மாற்றிவிடும். தேடும் புரதமோ அதில் மிகச் சொற்பம்.

இதனால் ஆய்வுகள் வீண் என்று அர்த்தமில்லை. ஒரே புரதத்தை நம்பாமல் பல புரதங்களைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. நாளை நல்ல செய்தி வரலாம். வரவேண்டும். ஆனால் நாளைய பரிசோதனைக்காக இன்றைய கட்டி காத்திருக்காது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். மலேசியாவில் பாதிக்கு அருகிலான நோயாளிகள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள் என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியது. சிங்கப்பூரில் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் 2002இல் தொடங்கியது. அங்கே 50 வயதைக் கடந்த பெண்கள் ஈராண்டுக்கு ஒரு முறை மெமோகிராம் செய்துகொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள்.

மெமோகிராமும் குறையில்லாதது அல்ல. மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளவர்களிடம் சில கட்டிகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் இரத்தக் கசிவு என எது தென்பட்டாலும், எந்தப் பரிசோதனை 'இயல்பு' என்று சொல்லியிருந்தாலும், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார். அந்தத் திசுதான் இறுதிப் பதிலைச் சொல்லும்.

அந்தத் தாயாருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிம்மதி அடையும் முன், "அம்மா, வாங்க, நானும் கூட வருகிறேன்" என்று மகள் கிளினிக்குக்கு அழைத்துப் போகட்டும். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள்களும் மகன்களும் கணவன்மார்களும் இந்த வாரமே வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.