‘வேஸ்ட்’ என்றால் என்ன?

(திருப்பூரில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சியில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுப்பாடம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் நோட்டைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டு, “சார், அவன் வேஸ்ட்டுங்க” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பையன் மட்டும் தலை நிமிரவில்லை. அன்று முழுவதும் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மறுநாள் அந்தச் சொல்லையே பாடமாக எடுத்தேன்.

“இந்தச் சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். பலருடைய பெற்றோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். “கட்டிங் வேஸ்ட்” என்றான் ஒருவன். “பேண்ட்டுக்கு வேஸ்ட் அளவு” என்றாள் ஒருத்தி. “பனியனுக்கே வெஸ்ட்னு பேருங்க சார்” என்றது இன்னொரு குரல்.

மூன்றையும் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் இரண்டுக்கும் ஒலி ஒன்றே, எழுத்துதான் வேறு. நடுவில் ‘ஏ, ஐ’ சேர்ந்து வந்தால் இடுப்பு. ‘ஐ’ இல்லாமல் இறுதியில் ‘ஈ’ வந்தால் கழிவு. காதால் கேட்கும்போது வாக்கியத்தை வைத்துத்தான் பொருளைப் பிரிக்க முடியும். மூன்றாவது சொல் ‘வி’யில் தொடங்குகிறது. அதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மற்ற இரண்டுக்கும் உதட்டைக் குவிக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சொல்லிப் பழகினார்கள்.

அடுத்து, பயன்பாடு. “டோன்ட் வேஸ்ட் வாட்டர்” என்பதில் அது வினை. “காட்டன் வேஸ்ட்” என்பதில் பெயர். “வேஸ்ட் வாட்டர்” என்பதில் நீரின் தன்மையைச் சொல்கிறது. சாயக்கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதைச் சொன்னேன். இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எவ்வளவு கனம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

கடைசியாக, “ஹி இஸ் வேஸ்ட் என்று சொல்லலாமா?” என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. ஆளைப் பற்றி அப்படிச் சொல்வது நாமாகப் பழக்கிக்கொண்டது. நல்ல ஆங்கில வழக்கு அன்று என்று விளக்கினேன்.

அப்போது அந்தப் பையன் எழுந்தான். “சார், எங்கம்மா வேஸ்ட் குடோனுக்குத்தான் போறாங்க. வேஸ்ட்ட யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. கலர் பார்த்துப் பிரிச்சு, கிலோ கணக்குல விப்பாங்க. மில்லுல அதைத் திரும்ப நூலாக்குவாங்க” என்றான். “அதை ஆங்கிலத்தில் எழுது” என்றேன். “வேஸ்ட் பிகம்ஸ் யார்ன்” என்று எழுதினான். ‘யார்ன்’ என்ற சொல்லுக்கு மட்டும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். முந்தைய நாள் சிரித்ததற்காக வகுப்பின் முன்னால் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

நண்பர்களே, பீஸ், ஷிப்ட், லேபிள், செக்கிங் என நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஆங்கிலச் சொற்களோடு வருகிறார்கள். வாரம் ஒரு சொல் எடுங்கள். எங்கே கேட்டாய், எப்படி எழுதுவாய், வேறு எங்கே பயன்படுத்துவாய் என்ற மூன்று கேள்விகள் போதும். பதில் சொல்லும் முதல் வாய்ப்பை, நோட்டு எழுதாத பிள்ளைக்குக் கொடுங்கள்.