வாசகரும் நம் வீட்டாரே



தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நோட்டீசு எழுதுகிறோம். இளைஞர் மன்றத்தில் கையெழுத்து ஏடு நடத்துகிறோம். பள்ளியிலிருந்து பெற்றோருக்கு மடல் அனுப்புகிறோம். இப்போது கைப்பேசியில் குழு வைத்துச் செய்தி அனுப்புகிறவர்களும் நம்மில் பலர். எதை எழுதினாலும் நமக்கு முதலில் வரும் கவலை, "இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டுமே" என்பதுதான். ஏற்கெனவே தவறாமல் படிக்கிற பத்துப் பேரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அந்தப் பத்துப் பேருக்கு என்ன எழுதுவது, அவர்களோடு உள்ள உறவை எப்படி வளர்ப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு ஒரு செம்பனைத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிது. பள்ளிச் சுவரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சுவரேடு ஒட்டத் தொடங்கினோம். பெரிய தாளில் வண்ண மையால் எழுதுவோம். சந்திர மண்டலம், உலக அதிசயங்கள், பெரியோர் வரலாறு எல்லாம் இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரில் ஒரு பதினைந்து பேர் நின்று படிப்பார்கள்.

பதினைந்து பேர் போதாது என்று எங்களுக்குத் தோன்றியது. சினிமாச் செய்தி சேர்த்தோம். நடிகர் படங்களை வெட்டி ஒட்டினோம். இரண்டு வாரம் நல்ல கூட்டம். மூன்றாம் வாரம் அந்தக் கூட்டத்தைக் காணோம். பழைய பதினைந்து பேரிலும் ஆறேழு பேர்தான் மிஞ்சினார்கள்.

அந்த ஆறேழு பேரில் ஒரு பாட்டி. எழுத்து அறியாதவர். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு நாள் எங்களைப் பார்த்து, "தம்பி வாத்தியாரே, சந்திரன்ல நடக்கிறதெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நம்ம லயத்துல நடக்கிறது ஒண்ணும் இல்லையே?" என்றார்.

கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களைவிட அந்தக் கேள்வி எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அடுத்த வாரமே சுவரேட்டின் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தோம். "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? எழுதிப் போடுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி விடுங்கள்" என்று எழுதி வைத்தோம்.

வந்த கேள்விகளில் ஒன்றுகூடச் சந்திரனைப் பற்றியதாக இல்லை. "ஆறாம் ஆண்டு முடித்தால் என் மகன் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போவானா, புகுமுக வகுப்புக்குப் போக வேண்டுமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டிருந்தார். பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டது, 12 வயதில் அடையாள அட்டை எடுக்க என்ன செய்வது என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். இன்னொரு தாயார், "நான் மூணாவதுதான் படிச்சேன். பிள்ளை கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்தா நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்விக்கு விளக்கமாகப் பதில் எழுதினோம். கணக்கைப் பற்றிக் கேட்ட தாயாருக்கு இப்படி எழுதினோம்: "நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளையை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் சொன்னால் அவனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. தடுமாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." அடுத்த வாரம் எட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களில் பென்சில் புள்ளிகள் இருந்தன! ஒருவர் கேட்ட கேள்வி எட்டு வீட்டுக்குப் பயன்பட்டது.

நேயர்களே, இது நாங்கள் கண்டுபிடித்த புது வழியன்று. நம் பத்திரிகைகள் முன்னரே நடந்து காட்டிய வழிதான். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டில் அந்தப் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். வாசகர்களுக்குக் கதை எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்து, அவர்களையே எழுத வைத்தார்கள். நேற்றுவரை படித்துக்கொண்டிருந்தவர் இன்று எழுத்தாளரானார். மலேசியத் தமிழ் இலக்கியம் பேசுகிறவர்கள் அந்த வகுப்பை இன்றும் மறப்பதில்லை.

சிங்கப்பூரில் 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்களும் வாசகரை வெறும் வாசகராக விட்டுவிடவில்லை. 1950-களில் முரசு மாணவர்களுக்கென்று மாணவர் மணிமன்றப் பக்கத்தை வெளியிட்டது. பிள்ளைகள் அதில் எழுதினார்கள். பக்கமாகத் தொடங்கியது பல ஊர்களில் மன்றங்களாக வளர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதி திரட்டப்பட்டபோது, எளிய தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். பத்திரிகை நம்முடையது என்ற எண்ணம் இருந்ததால்தான் அது கேட்டபோது கை நீண்டது.

வானொலியிலும் இதைக் காணலாம். நேயர் விருப்பத்தில் நம் தோட்டத்தின் பெயரும் நம் வீட்டார் பெயரும் வாசிக்கப்படும்போது அடுப்படியில் இருப்பவர்கூட ஓடிவந்து கேட்பார். பாட்டு எல்லாருக்கும் பொது. பெயர் நம்முடையது.

ஆனால் நெருங்கிய உறவில் ஓர் ஆபத்தும் உண்டு. நாங்கள் செய்த தவற்றை மறைக்காமல் சொல்கிறோம். ஒரு மாணவன் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அவனைப் பற்றிச் சுவரேட்டில் எழுதிவிட்டோம். பெயர் போடவில்லை. ஆனால் அறுபது வீடு உள்ள தோட்டத்தில் பெயர் எதற்கு? படித்தவர்களுக்கெல்லாம் யாரென்று தெரிந்துவிட்டது. வாரந்தவறாமல் வந்து படித்த அவன் தாயார் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார். விசாரித்தோம். கணவருக்கு உடல்நலம் இல்லை. தாயார் உதிர்ந்த பழம் பொறுக்கப் போகும் நேரத்தில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பையன் வீட்டில் இருந்திருக்கிறான்.

அன்று மாலையே தலைமையாசிரியரோடு அந்த லயத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் மட்டும் கொடுத்தார். மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பையன் பள்ளிக்கு வந்தான். தாயார் சுவரேட்டின் முன் மீண்டும் வந்து நிற்க நான்கு மாதம் ஆயிற்று. நம்பி வருகிறவரைப் பற்றி எழுதுமுன் அவர் வீட்டுப் படியேறிக் கேட்க வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

அதன்பின் சுவரேட்டின் பாதியைப் பெற்றோருக்கே விட்டோம். பாட்டி தோட்டத்தின் பழைய கதைகளைச் சொன்னார். பேரன் எழுதினான். ஒருவர் கத்தரிச் செடிக்குப் பூச்சி வராமல் காக்கும் வழியைச் சொன்னார். இன்னொருவர் தம் பிள்ளை எழுதிய கட்டுரையைக் கொடுத்தார். படிக்கிறவர்கள் இருபது பேரைத் தாண்டவே இல்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்துத் தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறி, குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோனபோது, பள்ளியில் பிள்ளைகள் குறைவார்களே என்று அஞ்சினோம். அந்த இருபது பேரில் குடிபோன ஒன்பது குடும்பங்கள் வேன் வைத்துப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கே அனுப்பின. வேன் கூலி அவர்களுக்குச் சிறிய செலவன்று.

ஆகவே நேயர்களே, கோயில் நோட்டீசானாலும், மன்ற ஏடானாலும், கைப்பேசிச் செய்தியானாலும், தவறாமல் வருகிறவர்களை முதலில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குத் தாமதமின்றிப் பதில் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுத் துன்பத்தை அவர்கள் அனுமதியின்றிச் சபைக்குக் கொண்டுவராதீர்கள். எழுதும் வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

விருந்துக்குப் புதியவரைத் தேடி வாசலில் நிற்கும்போது, உள்ளே பந்தியில் அமர்ந்தவர் இலை காலியாக இருக்கக் கூடாது. முதலில் அந்த இலையைக் கவனிப்போம்.