காட்டோரக் கமமும் கரடியும்



வன்னியிலும் மற்றை உலர் வலயக் காட்டோரங்களிலும் கமஞ் செய்வோரிற் பலர் யானையைவிடக் கரடிக்கே கூடுதலாக அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் கரடியின் அடையாளங்களைப் பார்த்துப் பழகியவர் அதனிடம் சிக்குவது அரிது.

நம் நாட்டுக் கரடி பெரிதும் கறையானைத் தின்று வாழ்வது. அதன் மேல்வாயின் முன்பற்களில் நடுவிரண்டும் இல்லை. புற்றை நகத்தாற் பிளந்து, மண்ணை ஊதி விலக்கி, அவ்விடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். அவ்வொலி 100 மீற்றருக்கு அப்பாலுங் கேட்கும். ஆனி மாதமளவில் பாலையும் வீரையும் பழுக்கும்போது அம்மரங்களை நாடும். தேனென்றால் நம்மைப் போலவே அதற்கும் ஆசை! வயலில் நெற்கதிரை உழக்குவது பெரும்பாலும் பன்றியே. வரம்பிலே பிளவுபட்ட குளம்படி இருந்தால் அது பன்றி. ஐந்து விரலும் முன்னே நீண்ட நகக்குறியும் இருந்தாற் கரடி.

கரடிக்குப் பார்வையுஞ் செவியும் மந்தம், மோப்பமே கூர்மை. புற்றுக்குள் முகத்தை நுழைத்திருக்கையில் நீங்கள் அருகே வருவதை அது உணராது. உணர்ந்த கணமே திடுக்கிட்டெழுந்து முகத்தையும் தலையையும் தாக்கும். குட்டிகளை முதுகிற் சுமந்து திரியும் தாய் இன்னும் பொல்லாதது. ஆகையால் விறகுக்கோ, தேனுக்கோ, தவறிய மாட்டைத் தேடியோ செல்வோர் தனியே போகாதீர்கள். உரக்கப் பேசிக்கொண்டே செல்லுங்கள். புதிதாகத் தோண்டிய புற்று, பாலைவிதை மலிந்த எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் ஆகியவற்றைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். நாயை ஏவவேண்டாம். அஞ்சிய நாய் எசமானிடமே ஓடிவரும். கரடியும் அதன் பின்னே வரும்.

பன்றிக்கென்று கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும் வைப்போர் சிலருளர். அவை கரடியென்றும் பாரா, அயலவன் பிள்ளையென்றும் பாரா. காயத்தோடு தப்பிய கரடி ஊருக்கே ஆபத்து. கரடியைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும். பன்றிக்கு உறுதியான வேலியும் இராக்காவலுமே தக்கவை. காவலுக்குப் போகும் பாதையோரத்துப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கி, கையில் நல்ல வெளிச்சத்துடன் செல்லுங்கள்.

எவரேனுங் கரடியாற் காயமுற்றால், பச்சிலை வைத்துக் கட்டி வீட்டிற் கிடத்தாதீர்கள். துப்புரவான துணியால் இறுகக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஏற்புவலிக்கும் நீர்வெறுப்பு நோய்க்கும் ஊசி தேவையோவென வைத்தியரிடம் தவறாது கேளுங்கள்.