சலங்கை கட்டிய காலும் உழைக்கிற கால்தான்

(பாபநாசத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கலை இரவில் பேசியது)



பகல் முழுதும் மில்லில் நின்ற கால்களோடும், பிசான நடவில் சேற்றில் ஊறிய கால்களோடும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கூலி பற்றிப் பேசலாம், பஞ்சப்படி பற்றிப் பேசலாம். நாட்டியம் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாம் இன்று பேசப்போவதும் கால் உழைப்பைப் பற்றித்தான்.

ருஷ்ய நாட்டில் பாலே என்று ஒரு நாட்டியம் உண்டு. அதில் பெண் கால் விரல் நுனியில் நின்று ஆடுவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் காற்றில் மிதப்பதாகத் தோன்றும். அந்தப் பட்டுச் செருப்பின் நுனிக்குள் இருப்பது பசை போட்டு இறுக்கிய துணி அடுக்கு. நூலுக்குக் கஞ்சி போடுகிற நமக்கு அந்த வித்தை புரியும். அதற்குள் இருக்கிற விரல் படுகிற பாடும் புரியும்.

அந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர் அன்னா பாவ்லோவா. 1881-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் துணி வெளுத்துப் பிழைத்த தொழிலாளி. எட்டு வயதில் ஒரு பாலேயைப் பார்த்த சிறுமி, ஆடினால் இப்படித்தான் ஆட வேண்டும் என்று முடிவு செய்தாள். பத்து வயதில் ஜார் சர்க்காரின் நாட்டியப் பள்ளியில் இடம் கிடைத்தது. மெலிந்த உடம்பு; பாதமோ பலவீனம். கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். 1906-ல் அந்த நாட்டின் முதல் வரிசை நாட்டியக்காரி ஆனார். பின்னர் சொந்தக் குழுவோடு உலகமெல்லாம் சுற்றினார். நம் நாட்டுக்கும் வந்து ஆடினார். 1931-ல், 49 வயதில், பயணத்தின் நடுவே ஹாலந்து நாட்டில் காலமானார். வெளுப்பவர் மகளின் கால் கடைசி வரை ஓயவில்லை.

இந்தப் பாவ்லோவாவுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1920-களின் கடைசியில் சென்னை அடையாற்றைச் சேர்ந்த ருக்மிணி தேவி அவரைச் சந்தித்தார். அவர் குழுவினரிடம் பாலேயும் கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா சொன்னார். தேடிப் போனபோது கலை எங்கே இருந்தது? மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இருந்தது. கோயிலில் ஆடிய பெண்களும், அவர்களுக்குத் தாளம் போட்ட நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த சொத்து அது. 1935-ல் ருக்மிணி தேவி மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்திரத்தை ஆரம்பித்தார். நம் பக்கத்துக் குற்றாலக் குறவஞ்சியை 1944-ல் மேடை ஏற்றியதும் அந்த ஸ்தாபனம்தான். அதெல்லாம் நல்ல வேலை, மறுக்கவில்லை.

ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். கலை மேடைக்கு வந்தது. அதைக் காத்த பெண்கள் எங்கே போனார்கள்?

பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடுகிற வழக்கம் கொடுமை. பணக்காரனின் ஆசைக்குப் பெண்ணைப் பலியிட்ட ஏற்பாடு அது. அதை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்தக் கொடுமையைத் தாமே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவை. நூறு முறை தேவை. ஆனால் கட்டு அறுந்த பெண்ணுக்குப் பிழைப்பு என்ன, அவள் கையில் இருந்த வித்தைக்கு மேடை எங்கே என்பதைச் சமூகம் யோசிக்கவில்லை. ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று கௌரவமான பெயர் வந்தது. ஆடிய குடும்பத்துக்கு அந்தக் கௌரவம் எளிதில் வரவில்லை.

அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர் பாலசரஸ்வதி. 1918-ல் சென்னையில் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜயம்மாள், பாடகி. குரு கந்தப்பா பிள்ளை, தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்தவர். 1925-ல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேற்றம். 1934-ல் கல்கத்தாவில் ஆடினார். வடக்கே இந்த ஆட்டத்தைக் கண்டறியாத ஜனங்கள் அன்று கண்டார்கள்.

அதற்குப் பிறகு சோதனைக் காலம். 1941-ல் குரு மறைந்தார். உடல்நலம் கெட்டது, மேடைகளும் குறைந்தன. வேறு யாராவது இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாலா விடவில்லை. ஆட்டத்தில் உள்ள காதல் பாவனை அசிங்கம், அதைக் குறைக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் சொன்னபோது, எங்கள் முன்னோர் தந்ததில் அசிங்கம் எதுவும் இல்லை என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். ஒரே வரியைத் தாமே பாடிக்கொண்டு, கையாலும் கண்ணாலும் அதற்குப் பத்து விதமாகப் பொருள் காட்டுவார்.

1953-ல் சென்னை மியூசிக் அகாடமியில் அவருக்கென்று ஒரு நாட்டியப் பள்ளி வந்தது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி பரிசு. 1957-ல் பத்மபூஷண். 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ. 1973-ல் சங்கீத கலாநிதி. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பெற்று வந்த பட்டம் ஒரு நாட்டியக்காரிக்கு வந்தது. 1976-ல் சத்யஜித் ராய் அவரைப் படம் பிடித்தார். 1984-ல் காலமானார். வெளிநாட்டுக் கலாசாலைகள் அவரை அழைத்துக் கற்றுக்கொண்ட அளவுக்கு நம் ஊர் கற்றுக்கொண்டதா? அதுதான் நம் மனதை உறுத்துகிறது.

சோவியத் யூனியனில் இருந்த கலீனா உலானோவாவை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் 1910-ல் பிறந்தவர். 1928-ல் லெனின்கிராடு நாடக அரங்கில் சேர்ந்தார். 1944-ல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்குக்கு வந்தார். 1956-ல் லண்டனையே வியக்க வைத்தார். படிப்பு சர்க்கார் பள்ளியில். மேடையில் மாதச் சம்பளம். 1960 வாக்கில் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் தெருவில் நிற்கவில்லை. 1998-ல் காலமாகும் வரை இளையவர்களைப் பழக்கும் ஆசிரியையாக மதிக்கப்பட்டார். அங்கே எல்லாம் பொன்னாக இருந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். அதே பல்ஷோய் அரங்கின் மாயா பிளிசெட்ஸ்காயாவின் தந்தை 1938-ல் அநியாயமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்; மகளையும் 1956 லண்டன் பயணத்துக்கு விடவில்லை. அது கறை, கறையென்றே சொல்வோம். ஆனால் நாட்டியம் ஒரு வேலை, அதற்குப் பயிற்சியும் சம்பளமும் முதுமையில் காப்பும் வேண்டும் என்ற பாடம் நல்ல பாடம்.

தோழர்களே, நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலிக் கோயிலில் ஆடுகிற சாமிக்குத் தாமிரசபை என்று ஒரு சபையே கட்டி வைத்திருக்கிறோம். ஆடுகிற மனிதனுக்கு என்ன கட்டி வைத்தோம்? கோயில் கொடைக்குக் கணியான் கூத்து வருகிறது. காலில் சலங்கை கட்டி விடிய விடிய ஆடுகிறார்கள். கரகம் எடுக்கிற பெண் கழுத்து நோக ஆடுகிறாள். விடிந்ததும், பேசிய பணத்தில் பாதியைக் கொடுத்து, மீதி அடுத்த கொடைக்கு என்று சொல்வதும் நம்மில் உண்டு. ஆடுகிற பெண்ணைப் பார்த்துச் சீட்டியடிப்பதும் உண்டு.

1880-களில் பாபநாசத்து அருவியின் வலுவில் மில் ஓடத் தொடங்கியது முதல், சம்பளத்தில் பிடித்தம் என்றால் என்ன என்று நம் பாட்டன் காலம் தொட்டு நமக்குத் தெரியும். நம் வயிற்றில் அடித்தால் சங்கம் கூட்டுகிற நாம், ஆடுகிறவன் வயிற்றில் அடிக்கலாமா?

ஆகவே இரண்டு காரியம் செய்வோம். கொடைக் கமிட்டிகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். பேசிய பணம் பேசிய படியே, ஆட்டம் முடிந்ததும், கையில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்தது, உங்கள் பெண் பிள்ளை ஆடக் கேட்டால், நமக்கு எதற்கு அதெல்லாம் என்று வாயை அடைக்காதீர்கள். வெளுப்பவர் மகள் ஆடினாள், உலகம் பார்த்தது.

இன்று இரவு இந்த மேடையில் ஆடுகிறவர்களுக்குப் பேசிய பணம் முழுதும் கொடுத்தாயிற்று. இனி ஆட்டத்தைப் பாருங்கள்.